எந்தத் தெரு?

வெளிநாட்டுக் கோயில்களுக்குப் போய்வந்து எழுதுகிற பழக்கம் நம்ம சாமியார்களுக்கும் படித்த சாதிக் கிறித்தவர்களுக்கும் நன்றாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டு புரியவில்லையாம், எப்போது எழுவது எப்போது முழந்தாளிடுவது என்று தெரியவில்லையாம். ஆனாலும் பக்கத்திலிருந்த கறுப்பின அம்மா கையைப் பிடித்துச் சமாதானம் சொன்னாராம், கண்ணில் தண்ணி வந்துவிட்டதாம். வரட்டும். அந்தக் கண்ணு ஊர்ல இருக்கும்போது எங்க போயிருந்துச்சு?

முன்பின் பழகாத கோயிலில் பூசை பார்க்க நமக்கு விமானம் தேவையில்லை. பண்ருட்டியில் பஸ் ஏறினால் போதும். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் எறையூர். நம்ம சனங்க அங்கே தலைமுறை தலைமுறையாகக் கிறித்தவர்கள். ஆனாலும் செபமாலை மாதா கோயில் அவர்களுக்கு அந்நிய நாடாகத்தான் இருந்தது. செத்தால் தனிக் கல்லறை. கோயிலுக்குப் போகிற பெரிய தெருவில் பிணம் போகக்கூடாது. கேட்டுக் கேட்டுச் சலித்துத்தான் எங்களைத் தனிப் பங்காக்கிவிடு என்றார்கள். 2008 மார்ச் 9ஆம் தேதி சேரி வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறித்தவர்கள் இரண்டு பேர் செத்தார்கள். சாதி தன் பிள்ளைகளையும் தின்னும்.

தனிப் பங்கு கேட்டதற்கு என்ன பதில் கிடைத்தது? கிறிஸ்துவின் உடலைக் கூறுபோடாதே என்ற உபதேசம். சரி, நீங்க கண்ணீர்விட்ட அந்தக் கறுப்பர் கோயில் எப்படி வந்தது என்று விசாரித்தீர்களா? 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிலடெல்பியாவில் வெள்ளையர் நடத்திய மெதடிஸ்ட் கோயிலில் முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்த கறுப்பர்களை, இது உன் இடமில்லை என்று பிடித்து எழுப்பினார்கள். ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்சும் மற்றவர்களும் மொத்தமாக வெளியேறினார்கள். 1794இல் ஆலன் பெத்தேல் கோயிலைத் திறந்தார். 1816இல் அதுவே தனித் திருச்சபையாக எழுந்தது. அங்கே வெளியேறினால் விடுதலை இறையியல், எறையூரில் வெளியேறினால் பிரிவினை. இதென்ன நியாயம் சாமி?

தனியாகப் போவதும் சாதிதானே என்று கேட்கிற நண்பர்கள் நம்மிடையேயும் உண்டு. வடக்கன்குளத்தைப் பாருங்கள். 1872இல் கட்டிய கோயிலுக்குள்ளேயே சுவர், வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் முதலானோர் இன்னொரு பக்கம். 1910இல்தான் இடித்தார்கள். அது, உன்னோடு உட்காரமாட்டேன் என்றவன் எழுப்பிய சுவர். தனிப் பங்கு, உட்கார விடாதவனிடம் இனிக் கெஞ்சமாட்டேன் என்கிறவன் கேட்பது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறவர் யாருக்காக நிறுக்கிறார் என்று நமக்குத் தெரியாதா?

எங்க சித்தப்பா மவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். போன புதிதில் தமிழ்ப் பூசைக்குப் போனான். பூசை முடிந்ததும் நம்மூர்க்காரர் ஒருத்தர் வாஞ்சையாக வந்து எந்த ஊரு தம்பி என்றார். சொன்னான். ஊர்ல எந்தத் தெரு? அதையும் சொன்னான். அதோடு சரி. அடுத்த ஞாயிறு அந்த ஆளுக்கு இவனைக் கண்ணு தெரியவில்லை. இப்போது பிலிப்பைன்ஸ்காரர்கள் பூசைக்குத்தான் போகிறான். ஒரு வார்த்தை புரியாதுண்ணே, ஆனா எவனும் தெருவைக் கேக்கமாட்டான் என்கிறான். கடல் தாண்டினால் சாதி கரைந்துவிடும் என்று எழுதுகிறவர்கள் அவனோடு போய் நாலு ஞாயிறு உட்கார்ந்து பார்க்கட்டும்.

இந்தியக் கத்தோலிக்கர் 1.9 கோடி, அதில் தலித்துகள் 1.2 கோடி என்று 2016இல் ஆயர் பேரவையே கொள்கை அறிக்கை வெளியிட்டது. சபைக்குள் தீண்டாமை இருப்பதையும் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டவர்கள் அடுத்த தடவை பிலடெல்பியாவுக்கோ ரோமுக்கோ போகும்போது பயணக் கட்டுரைக்குப் படம் பிடிப்பதை விட்டுவிட்டு, அந்தச் சனங்களிடம் சொல்லட்டும்: எங்க ஊர்ல ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்களுக்கு ரெண்டு கல்லறை இருக்குது என்று.