கூட்டம் கூட்டியவருக்கே வாசல் அதிகாரம்

டெக்சாஸில் மண்டப வாசலில் 'துப்பாக்கிக்கு அனுமதி இல்லை' என்று நாமாக ஒரு தாளில் எழுதி ஒட்டினால், உரிமம் வைத்திருப்பவரை அது கட்டுப்படுத்தாது. மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 30.06 பிரிவில் உள்ள வாசகத்தை அப்படியே, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில், பளிச்சென்று தெரிகிற நிறத்தில் வைக்க வேண்டும். இது சட்டைக்குள் மறைத்து எடுத்து வரும் உரிமதாரருக்கு. வெளியே தெரிய இடுப்பில் மாட்டி வருபவருக்கு 30.07 என்று தனிப் பலகை. 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பி வேறு சட்டத் தடை இல்லாதவர்கள் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியோடு நடமாடலாம் என்றாகிவிட்டது, அவர்களுக்கு 30.05. மூன்றையும் ஒட்டிய பிறகு, கண்ணாடிக் கதவில் பொங்கல் விழா போஸ்டருக்கு இடம் தேட வேண்டியதுதான்.

டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நான் பொருளாளர். மண்டபம் பிடிப்பதும் என் தலையில்தான். பள்ளிக்கூட அரங்கம் கிடைத்தால் கவலை இல்லை. பள்ளி நிர்வாகம் எழுத்தில் அனுமதித்தால் ஒழிய, உரிமம் இருந்தாலும் அங்கே துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. தனியார் மண்டபம் என்றால் உரிமையாளர் இஷ்டம். நகராட்சிக்குச் சொந்தமான இடம்தான் தலைவலி. நீதிமன்றம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, உரிமதாரரை 'வராதே' என்று சொல்ல நகராட்சிக்கு அதிகாரம் கிடையாது. சரி, அந்த இடத்தை வாடகைக்கு எடுத்து விழா நடத்துகிறவர் சொல்லலாமா?

2024-ல் இந்தக் கேள்வி டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் வரை போனது. டாலஸின் ஃபேர் பார்க் நகராட்சியின் சொத்து. அங்கே ஆண்டுதோறும் 24 நாள் மாநிலப் பொருட்காட்சி நடக்கும். 55 அடி உயர 'பிக் டெக்ஸ்' பொம்மையின் காலடியில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்து, கார்ன் டாக் வாங்கிக் கொடுத்து, ராட்டினத்தில் ஏற்றிவிடாத டாலஸ் குடும்பம் அபூர்வம். நடத்துவது லாப நோக்கற்ற ஒரு தனியார் அமைப்பு. 2023 அக்டோபரில் அங்கே சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று பேர் காயப்பட்டார்கள். மறு ஆண்டு, பணியில் இருக்கும் போலீஸாரும் ஓய்வுபெற்ற போலீஸாரும் தவிர வேறு யாரும் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்று அமைப்பு அறிவித்தது. மாநில அட்டர்னி ஜெனரல் கென் பேக்ஸ்டன் வழக்குப் போட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. நகராட்சி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த தனியார் அமைப்பு, நகராட்சிக்கு அதில் கை இல்லாதவரை, இப்படித் தடை போடலாம் என்று 2016-ல் எழுத்தில் கருத்துச் சொன்னதே அவர் அலுவலகம்தான். பொருட்காட்சி விவகாரம் வந்ததும் அந்தக் கருத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். தொடக்கத்துக்கு முதல் நாள் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட, தடையோடே பொருட்காட்சி நடந்தது.

அமைப்பு செய்தது சரி என்பது என் கட்சி. கூட்டத்தைக் கூட்டுகிறவர் யாரோ, நாளைக்கு ஒன்று ஆனால் யார் வீட்டு வாசலில் வந்து நிற்பார்களோ, அவருக்கு 'இங்கே வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் இருக்க வேண்டும். நிலம் யார் பேரில் இருக்கிறது என்பது பட்டா விவகாரம்.

எங்கள் சங்கத்தில் உரிமம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் உண்டு. கிரீன் கார்டு கிடைத்த கையோடு வகுப்புக்குப் போய் வாங்கியவர். "அக்கா, போர்டைப் பார்த்துத் திரும்பிப் போறவன் நான். கொல்ல வர்றவனா நின்னு படிப்பான்?" என்பார். தட்டிக்கழிக்கக் கூடிய கேள்வி அல்ல. 1991-ல் கில்லீன் நகரத்து உணவகம் ஒன்றில் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அங்கே இருந்த சுசானா ஹப் தன் கைத்துப்பாக்கியைச் சட்டத்துக்குப் பயந்து காரில் வைத்துவிட்டு வந்திருந்தார். பெற்றோர் இருவரையும் அன்று இழந்தார். அவர் ஊர் ஊராகச் சொன்ன சாட்சியம் 1995-ல் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமச் சட்டம் வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம். 2019 டிசம்பரில் வொயிட் செட்டில்மென்ட் தேவாலயத்தில் இருவரைக் கொன்றவனைச் சில நொடிகளில் சுட்டு வீழ்த்தியதும் சீருடை போட்ட போலீஸ் அல்ல.

ஆனால் அந்த இரண்டாவது சம்பவத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சுட்டவர் துப்பாக்கிப் பயிற்சி தருபவர். தேவாலயத்தின் தொண்டர் காவல் குழுவில் இருந்தவர். யார் துப்பாக்கியோடு நிற்பது என்பது அந்தச் சபைக்குத் தெரிந்திருந்தது. முன்பின் தெரியாத ஆயிரம் பேர் வந்து போகும் இடத்தில் எவர் இடுப்பில் எது இருக்கிறது என்று நடத்துகிறவருக்கே தெரியாமல் இருப்பது வேறு. உரிமத் தேர்வில் 3, 7, 15 கஜ தூரத்தில் அசையாமல் நிற்கும் காகித இலக்கில் 50 குண்டு சுட வேண்டும்; 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. காகிதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடாது. 2021-ல் கொலராடோவின் ஆர்வாடா நகரில் ஒரு கொலைகாரனைச் சுட்டு வீழ்த்திய நல்ல மனிதரை, ஓடி வந்த போலீஸ் அதிகாரி கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றார்.

தம்பி சொல்வதில் ஒரு பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். சோதனை இல்லாத பலகை வெறும் அலங்காரம். உரிமதாரர் பலகையை மதிக்காமல் நுழைந்தால் அபராதம் அதிகபட்சம் 200 டாலர். நேரில் சொல்லியும் வெளியேற மறுத்தால்தான் குற்றத்தின் தரம் உயரும். அதே பலகையை வைக்கக் கூடாத இடத்தில் நகராட்சி வைத்துவிட்டால், முதல் மீறலுக்கு 1,000 முதல் 1,500 டாலர், அடுத்தடுத்தவற்றுக்கு 10,000 முதல் 10,500 டாலர். ஒவ்வொரு நாளும் தனிக் கணக்கு. கணக்குப் பார்க்கிறவள் என்பதால் எனக்கு இந்த இரண்டு தொகையும் கண்ணில் உறுத்துகின்றன. துப்பாக்கியை உள்ளே கொண்டு வந்தவரை விட, வேண்டாம் என்றவரைத்தான் இந்த மாநிலம் பெரிய குற்றவாளியாக நினைக்கிறது.

ஆஸ்டினில் உள்ள மாநிலச் சட்டமன்றத்தில் உரிமதாரருக்குத் தனி வரிசை. மெட்டல் டிடெக்டர் இல்லாமல் போய்விடலாம். துப்பாக்கியே இல்லாதவர்கள்கூட வரிசையில் நிற்காமல் போவதற்காக உரிமம் வாங்கி வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் வீடு, அவர்கள் முடிவு. 2018-ல் டாலஸிலும் 2022-ல் ஹூஸ்டனிலும் தேசிய ரைஃபிள் சங்க மாநாட்டில் டிரம்ப் பேசியபோது, பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த சீக்ரெட் சர்வீஸ் அந்த அரங்குக்குள் துப்பாக்கியைத் தடை செய்தது. துப்பாக்கி உரிமைக்காகவே சேர்ந்த கூட்டம் அது. துப்பாக்கியை வெளியே விட்டுவிட்டு உட்கார்ந்து கைதட்டியது. ஒருவர் உயிருக்குப் பொறுப்பேற்றவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டென்றால், பொருட்காட்சிக்கு வரும் இருபது லட்சம் பேருக்குப் பொறுப்பேற்றவர்களுக்கு ஏன் கூடாது?

வரும் பொங்கலுக்குத் தனியார் மண்டபம். உரிமையாளர் முடிவை எங்களிடமே விட்டுவிட்டார். மூன்று பலகை, வாசலில் பை சோதனை, பணி நேரம் போக வாடகைக்கு வரும் போலீஸார் இரண்டு பேர் என்று செயற்குழுவில் கேட்டிருக்கிறேன். செலவுக்கு டிக்கெட் விலையைக் கூட்ட வேண்டும் என்றதும் பாதிப் பேருக்குக் கோபம். இலைச் சாப்பாட்டில் ஒரு பாயசத்தைக் குறைத்துக்கொள்ளலாமே என்று சொல்லிப் பார்த்தேன். மீதிப் பாதிக்கும் கோபம் வந்துவிட்டது.