படிப்பகத்துக் கூரைப் பணமும் நாற்பது பம்பர் சீட்டும்

மன்றத்துத் தம்பிமாருக்கும், அவர்களைக் கண்டிக்காமல் விட்ட அண்ணாச்சிமாருக்கும்,

இந்த மடலை வாட்ஸ்ஆப்பில் போடாமல், அச்செடுத்துப் படிப்பகத்துச் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். வாட்ஸ்ஆப்பில் போட்டால் நாலு பேர் கும்பிடு படம் போட்டுவிட்டு அடுத்த சோலியைப் பார்க்கப் போய்விடுவீர்கள். வடக்குச் சுவரில் ஒட்டுங்கள். மழைத் தண்ணீர் இறங்காத சுவர் அது ஒன்றுதான்.

கூரைக்கென்று இங்கே சிங்கப்பூரில் நம்ம ஊர்ப் பையன்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு அனுப்பிய பணம் அது. அதிலிருந்து இருபதாயிரத்தை எடுத்து, புளியரை எல்லை தாண்டிக் கேரளத்து ஆரியங்காவு போய், ஓணம் பம்பர் லாட்டரியில் நாற்பது சீட்டு வாங்கியிருக்கிறீர்கள். தீபாவளிக்கு வந்தபோது பேப்பர் மேசைமேல் வாளி இருந்தது. கூரை என்னாச்சுடே என்று கேட்டேன். பொருளாளர் தம்பி கூசாமல் சொன்னான்: “விழுந்திருந்தா கூரை என்னண்ணே, மாடியே எடுத்திருக்கலாம்லா!” கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஊரில் இதைவிடப் பெரிய அநியாயமெல்லாம் நடக்கிறது, தெரியும். குளத்துக் கரையை யார் யார் வளைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றும் தெரியும். அதற்கெல்லாம் நான் மடல் எழுதவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு விமானத்திலும் கூடவே வந்தது. இங்கே லிஃப்ட் பழுது பார்க்கக் கூண்டுமேல் ஏறி நிற்கிறபோதும் காதில் விழுகிறது. ஆகவே கணக்குப் போட்டுக் காட்டாமல் விடப்போவதில்லை.

ஓணம் பம்பர் சீட்டு ஒன்று 500 ரூபாய். முதல் பரிசு 25 கோடி, ஒரே ஒரு சீட்டுக்கு. அண்மை ஆண்டுகளில் எழுபது லட்சத்துக்கு மேல் சீட்டு விற்றிருக்கிறது. எழுபது லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் நாற்பது சீட்டுக்கு முதல் பரிசு விழும் வாய்ப்பு ஒன்றே முக்கால் லட்சத்தில் ஒன்று. வருஷா வருஷம் இதேபோல் நாற்பது எடுத்தால், சராசரியாக ஒன்றே முக்கால் லட்சம் ஓணத்துக்கு ஒரு தடவை விழும். அதுவரை வாளியை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

ஊரில் வைத்தே இதைச் சொன்னபோது செயலாளர் மடக்கினார். முதல் பரிசை மட்டும் ஏன் பார்க்கிறீர்கள், இரண்டாம் பரிசு ஒரு கோடி இருபது பேருக்கு, மூன்றாம் பரிசு ஐம்பது லட்சம் இருபது பேருக்கு, கீழே எத்தனையோ இருக்கிறது என்றார். சரி, அதையும் பார்ப்போம். முதல் பரிசு 25 கோடி, இரண்டாம் பரிசுக்கு 20 கோடி, மூன்றாம் பரிசுக்கு 10 கோடி, ஆக 55 கோடி. எழுபது லட்சம் சீட்டுக்கும் பங்கிட்டால் சீட்டுக்கு 79 ரூபாய்கூட வராது. நீங்கள் கொடுத்தது ஐந்நூறு. மிச்சத்தில் ஒரு பகுதி சின்னப் பரிசுகளாகத் திரும்பி வருகிறது. மற்றதெல்லாம் ஜி.எஸ்.டி., ஏஜென்ட் கமிஷன், அச்சுக்கூலி, கேரள அரசின் கஜானா. அந்த அரசு அதை மறைக்கவில்லை, காருண்யா என்று பேர் வைத்து ஏழைகளின் வைத்தியத்துக்குக்கூட லாட்டரி நடத்தியிருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் நாங்கள் பணம் அனுப்பியது புளியரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரு கூரைக்கு.

சின்னப் பரிசுகளைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சூட்சுமம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஐயாயிரம், இரண்டாயிரம், ஆயிரம், ஐந்நூறு என்று போகும் பரிசுகளுக்குக் கடைசி நாலு எண் சேர்ந்தால் போதும், எந்த சீரிஸ் என்றுகூடப் பார்ப்பதில்லை. அப்படி நாலு எண்களாக நிறையக் குலுக்குகிறார்கள். அதனால் கட்டாக வாங்குகிறவனுக்கு ஒன்றிரண்டு ஐந்நூறு விழுந்துகொண்டே இருக்கும். உங்களுக்கும் இரண்டு ஐந்நூறு விழுந்தது. அந்த ஆயிரம் மன்றத்துக் கணக்குக்கு வந்ததா? வரவில்லை. பூஜை பம்பர் சீட்டு முந்நூறு ரூபாய் என்று மூன்று வாங்கிவிட்டு, மிச்ச நூறுக்கு டீயும் வடையும் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஐந்நூறு ரூபாய்ப் பரிசு எதற்காக இருக்கிறதோ அந்த வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. பத்தொன்பதாயிரம் போனதை யாரும் பேசவில்லை, ஆயிரம் விழுந்ததைத் தெருவே பேசியது.

அடுத்து அந்த “ஒரு நம்பர்ல போச்சு” கதை. இரண்டாம் பரிசு நம்பரில் ஒரே ஒரு எண் மாறிப் போச்சு, சீரிஸும் வேறு என்று சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுகிறான் ஒரு தம்பி. ஏல, ஆறு இலக்க நம்பர் அது. ஓர் இடத்தில் மட்டும் மாறுகிற நம்பர்கள் ஐம்பத்து மூன்று இருக்கும். பத்து சீரிஸுக்கும் சேர்த்தால் 530 சீட்டு. விழுந்தது ஒருத்தனுக்கு, மயிரிழையில் தப்பிப்போனதாக நினைத்துக்கொண்டு திரிவது ஐந்நூற்றுச் சொச்சம் பேர். அத்தனை பேரும் அடுத்த பம்பருக்கு வருவார்கள்.

உங்களைச் சொல்லியும் குற்றமில்லை. எனக்குப் பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு நடத்திய சாரே இப்போது டைரியில் விழுந்த எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு, “ஏழு ரொம்ப நாளா வரல, இந்த வாரம் வந்தே தீரும்” என்கிறார். சார், பகடையை நூறு தடவை உருட்டினாலும் அடுத்த உருட்டலுக்கு ஆறில் ஒன்றுதான் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள். குலுக்கும் எந்திரத்துக்குப் போன வாரம் ஞாபகம் இருக்காது. உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தேன், அங்கே வைத்து இதைச் சொல்ல வாய் வரவில்லை.

2023 ஓணத்துக்கு 25 கோடியும் தமிழ்நாட்டுக்காரர் நாலு பேருக்குத்தான் விழுந்தது, வாளையாரில் வாங்கிய சீட்டு என்பீர்கள். உண்மை. அந்த வருஷம் வாங்கிய மற்ற லட்சக்கணக்கானவர்களைப் பற்றி எந்த டிவியும் பேட்டி எடுக்கவில்லை. 25 கோடியும் கைக்கு வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் கமிஷன் பத்து சதவீதம், இரண்டரைக் கோடி முதலில் கழியும். மிச்சம் 22.5 கோடியில் 30 சதவீதம் வருமான வரி போனால் 15.75 கோடி. அதற்கு மேல் சர்சார்ஜ், செஸ். கடைசியில் பதிமூன்று கோடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அதை நாலாகப் பிரிக்க வேண்டும். விழாத சீட்டுக்குக் கொடுத்த காசை வரியில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

நம்ம தெருவில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் மூணு நம்பர் லாட்டரியைப் பற்றித் தனியாக எழுத விருப்பமில்லை. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்த பிறகு வளர்ந்த களை அது. 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். முப்பது ரூபாய் வாங்கினால் நியாயப்படி முப்பதாயிரம் தர வேண்டும். எவ்வளவு தருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தராமல் போனால் கேட்க நாதியில்லை என்பதும் தெரியும்.

சிங்கப்பூரில் என்ன வாழுதாம் என்பீர்கள். இங்கேயும் உண்டு, அரசாங்கமே நடத்துகிறது. கேரள லாட்டரியின் முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26-ஆம் தேதி. சிங்கப்பூர் பூல்ஸ் தொடங்கியதும் அதே 1968-இல்தான். ஆனால் இங்கே ஃபோர்-டி என்ற நாலு எண் ஆட்டத்தில் எது விழுந்தால் எவ்வளவு என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு வெள்ளி ‘பிக்’ கட்டினால் முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, ஸ்டார்ட்டர் பத்து எண்ணுக்கு 250, ஆறுதல் பரிசு பத்து எண்ணுக்கு 60. எல்லாம் கூட்டினால் 6,590. மொத்தம் பத்தாயிரம் எண்கள். ஆக, ஒரு வெள்ளிக்குத் திரும்புவது சராசரி 66 காசு. ‘ஸ்மால்’ கட்டினால் முதல் பரிசு 3,000 என்று பெரிதாகத் தெரியும், ஆனால் மூன்றே மூன்று பரிசுதான், சராசரி 58 காசாக இறங்கிவிடும். பேர் ஸ்மால், பரிசு பெரிது, நஷ்டம் அதைவிடப் பெரிது. இதை நான் டீக்கடைக் காகிதத்திலேயே கூட்டிப் பார்த்துக்கொண்டேன்.

இத்தனை கணக்கும் அந்தக் கட்டத்திலேயே தெரிய, ஞாயிற்றுக்கிழமை இங்கே தேக்காவில் ஃபோர்-டி கட்ட வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் நம்ம ஊர்ப் பையன்களும் நிற்கிறார்கள். லாரி நம்பர், ஊரிலிருந்து வந்த சாவுச் செய்தியின் தேதி, முதலாளி கார் நம்பர், எதையும் விடுவதில்லை. கூரைக்குப் பணம் கேட்டு நான் போய் நின்றது அவர்களிடம்தான். ஒருத்தன் பத்து வெள்ளியை எடுத்துக் கையில் வைத்துவிட்டு, “இந்த வாரம் நம்பர் வாங்கல மாமா” என்றான். அந்தப் பத்து வெள்ளியைத்தான் நீங்கள் ஆரியங்காவுக்குக் கொண்டு போயிருக்கிறீர்கள்.

கடைசியாக ஒன்று. நான் சத்தம் போட்டபோது, பின்னால் நின்ற ஒருவன் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது: “இவருக்கு ஏற்கெனவே லாட்டரி அடிச்சாச்சு, நமக்குத்தான் புத்தி சொல்ல வாராரு.” திரும்பிப் பார்த்தேன், யாரென்று தெரியவில்லை. எனக்கு எதுவும் அடிக்கவில்லை, தம்பி. அம்மாவின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டினேன். வெயிலிலும் இருட்டுக் குழியிலும் வேலை கற்றேன். இன்றைக்கு என் கையெழுத்து இல்லாமல் ஒரு கட்டடத்தின் லிஃப்டை இறக்க மாட்டார்கள். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். அதே நேரம், என்னோடு பணம் கட்டிய சிலருக்கு விசாவே வரவில்லை, அவர்களில் ஒருவர் இன்றைக்கும் செங்கோட்டையில் மூட்டை தூக்குகிறார். அவருக்கும் எனக்கும் உழைப்பில் வித்தியாசம் கிடையாது. அதனால் அந்தப் பேச்சுக்கு எனக்குக் கோபம் வருகிறது, பதில் வர மாட்டேன் என்கிறது. படித்துவிட்டுச் சும்மா இருக்கிற உங்களுக்கு, உள்ளூரில் இருந்தால் எதுவும் நடக்காது என்று தோன்றினால், போனவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை செண்டு வாசத்தோடு வந்து, ஒரு பெட்டி சாக்லேட்டும் ஒரு கத்தை அறிவுரையும் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நாங்கள்.

ஆனாலும் கூரை கூரைதான். வேலை விளம்பரம் பார்க்க நான் வந்து உட்கார்ந்த பெஞ்சு அதன் கீழேதான் இருக்கிறது, இப்போது பாதி உளுத்துவிட்டது. கொத்தனாரிடம் பேசிவிட்டேன். ஓட்டைப் பிரித்துச் சட்டம் மாற்ற வேண்டும், கார்த்திகை மழை இறங்கும் முன்னால் தொடங்கினால் நல்லது என்கிறார். குறைகிற இருபதாயிரத்தை மறுபடி அனுப்புகிறோம், இந்தத் தடவை நேரே அவர் கணக்குக்கு. உங்கள் பங்குக்கு ஆள்கூலியை நீங்களே இறங்கிச் செய்துவிடுங்கள். லாட்டரி எடுத்தே ஆக வேண்டும் என்றால் சொந்தக் காசில் எடுங்கள், நான் வாயே திறக்கவில்லை.

அந்தப் பூஜை பம்பர் சீட்டு மூன்றும் யார் கையில் இருக்கின்றன? சட்டைப்பையில் வைத்துத் துவைத்துவிடாதீர்கள். இப்போதே பின்பக்கம் மன்றத்தின் பேரை எழுதி, ஜெராக்ஸ் எடுத்துப் பொருளாளர் அலமாரியில் பூட்டி வையுங்கள். முதல் பரிசு 12 கோடி, குலுக்கல் முடிந்து 30 நாளுக்குள் சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். மன்றப் பணத்தில் விழுந்ததில் வாங்கியது. எது விழுந்தாலும் கூரைக் கணக்கில்தான் சேர வேண்டும்.

இப்படிக்கு,
தேக்காவிலிருந்து உங்கள் ஊர்க்காரன்