ஒரு சாண் உயரம்

அடையாறு திரு.வி.க. பாலத்தின் மேல் உங்கள் பஸ் நின்றுவிட்டதா? நல்லது. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிழக்கே பாருங்கள். ஆறு கடலைத் தொடுகிற இடம் தெரியும். கரையோரப் பச்சையை 'ஏதோ புதர்' என்று நினைத்துவிடாதீர்கள். எழும்பூர் ரிசர்வேஷன் கவுண்டரை விடக் கறாராக அங்கே ஸீட் ஒதுக்குகிறார்கள்.

சென்னைக் கடலில் ஓதம் ஏறி இறங்குவது அமாவாசை, பௌர்ணமிக்கே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆகவே அந்தச் சேற்றில் ஒரு சாண் உயரம் என்பது நம் ஆபீஸில் இரண்டு பிரமோஷனுக்குச் சமம். அடிக்கடி நனைகிற பள்ளத்தில் வெண்கண்டல். சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் பென்சில் நட்ட மாதிரி மூச்சு வேர்களை மேலே நீட்டியிருக்கும். உப்பை இலை வழியே வெளியே தள்ளிவிடும். எப்போதாவது நனைகிற மேட்டில் உமரி. இது உப்பை இலைக்குள்ளேயே சேர்த்து வைத்துக் குண்டாகிறது. உப்பு ஏற ஏறச் சிவக்கிறது.

உமரி உப்புக்கு ஆசைப்பட்டா அங்கே போயிற்று? நல்ல மண்ணிலும் வளரும் சார். ஆனால் அங்கே மற்ற செடிகள் முண்டியடிக்கும். அதன் கீழ் எல்லையைத் தண்ணீர் தீர்மானிக்கிறது. மேல் எல்லையைப் பக்கத்து வீட்டுக்காரன்.

நடுநடுவே மொட்டைத் தரை ஏன்? பி.காம். படித்தவனுக்குச் சட்டென்று புரிகிற விஷயம்: வட்டிக்கு வட்டி. செடி இல்லாத இடத்தில் வெயில் நேராக அடிக்கும். தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். உப்பு கூடினால் விதை முளைக்காது. முளைக்காவிட்டால் நிழல் இல்லை, மறுபடி உப்பு. எப்படியோ ஒரு உமரி பிழைத்துவிட்டால் கணக்கு தலைகீழ். நிழலில் மண் குளிரும், உப்பு குறையும், தண்டில் வண்டல் தங்கும், அடுத்த செடி வரும். பின்னாலேயே நண்டு, மீன்குஞ்சு, அவற்றைத் தேடிக் கொக்கு.

இதைக் கெடுக்க வெள்ளம், புயல் எதுவும் வேண்டாம். சில லாரி ராபிஷ் போதும். தரை ஒரு அடி ஏறினால் ஓதம் எட்டாது. உமரி போய்ச் சீமைக்கருவேலம் வரும். அப்புறம் அது 'சும்மா கிடக்கிற நிலம்'. அதற்கும் அப்புறம், அபார்ட்மென்ட். மழைக்காலத்தில் ஆறு கை காலை நீட்டிப் படுக்க இருந்த இடம் அது. இடம் போனால் ஆறு எங்கே படுக்கும் என்பதை 2015 டிசம்பரில் பல வீடுகளின் ஹாலில் பார்த்தோம்.

குப்பையும் ராபிஷும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சீர்செய்து 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். செடி நட்டது அப்புறம். முதலில் தோண்டித் தண்ணீருக்கு இடம் விட்டார்கள். அதுதான் சூட்சுமம்.

'கடல் காற்று வரும் சார்' என்று யாராவது அந்தப் பக்கம் ஃப்ளாட் விற்க வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்:

"காற்று சரி. கடலும் வருமே?"