அந்த அரை நிமிடம்

கபடிக் களத்துக்கு வெளியே நின்று "கவனம், கவனம்" என்று தொண்டை கிழியக் கத்தி எந்தப் பையனுக்கும் கவனம் வந்ததில்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

ரைட் கார்னரில் நிற்பவனைப் பாருங்கள். பாடி வருபவன் தோளைக் குலுக்குவான். கண்ணை ஒரு பக்கம் காட்டிக் கையை மறுபக்கம் வீசுவான். அவன் முகத்தைப் பார்த்தால் தொலைந்தோம். கால்தான் பொய் சொல்லாது. போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை ஊன்றி மறுகாலைத் தூக்கும்போது உடம்பின் பாரமெல்லாம் ஊன்றிய காலில் இறங்கும். கணுக்காலைப் பிடிக்க வேண்டிய கணம் அது. கொஞ்சம் முந்தினால் தொட்டுவிட்டு ஓடிவிடுவான். பிந்தினால் ஆளே இருக்க மாட்டான்.

தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் இந்தப் பிடிக்குப் பேர்போனவர். 2016இல் அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் இருந்தபோது அவருக்கு வயது 41. கபடி வட்டாரத்துக்கே அவர் 'அண்ணா'. அந்த வயதில் அவரை அணியில் நிறுத்தியது கால் வேகத்தைவிடக் காத்திருக்கும் பொறுமைதான் என்பேன்.

அந்த இறுதி ஆட்டத்தில் இடைவேளையின்போது ஈரான் 18–13 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிந்தபோது இந்தியா 38–29. இரண்டாம் பாதியில் மட்டும் 25–11! இடைவேளையில் யாரும் புது வித்தை கற்றுவிட முடியாது. பின்தங்கிய கணக்கைச் சுமக்காமல் அடுத்தடுத்த ரெய்டை மட்டும் ஆடினார்கள் என்றே எனக்குப் படுகிறது. (எல்லோரும் அஜய் தாக்கூரின் ரெய்டுகளையே பேசினார்கள். பிடிப்பவர்களைப் பற்றிப் பேச என்றைக்கு ஆள் இருந்தது?)

நாற்பது நிமிடமும் மனத்தை முறுக்கியபடியே வைத்திருக்க யாராலும் ஆகாது. ஒரு ரெய்டுக்கு 30 நொடிதான். எதிரணிக்காரன் பாடிப் போனதும் நம் ஆள் பாடப் போகிறான். பின்னால் நிற்கும் கார்னர் மூச்சை இறக்கி, விட்ட பிடியை மறக்கக் கிடைக்கும் அரை நிமிடம் அது. நம் பையன்கள் அதை நடுவரோடு வாதாடியும், பிடி விட்டவனைத் திட்டியும் தீர்க்கிறார்கள். உடம்புக்குத் தரும் பயிற்சியில் கால்பங்கையாவது இதற்குத் தர வேண்டும்.

இன்னொன்று. டெல்டாவில் பொங்கலை ஒட்டி ஊருக்கு ஊர் மின்னொளிக் கபடி நடக்கும். மைக் வர்ணனையும் கூட்டமுமாக விடிய விடிய ஆட்டம், எனக்கும் பிடித்தமானதுதான். ஆனால் சாயங்காலம் வந்து இறங்கிய பள்ளி அணியைப் பின்னிரவு இரண்டு மணிக்குக் களத்துக்குக் கூப்பிட்டால், கண் எரிகிற பிள்ளை எதிராளியின் காலை எங்கே பார்ப்பான்? விழாக் குழுவினரே, பெரியவர்கள் விடியும்வரை ஆடட்டும். பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டங்களை மட்டும் இரவு பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

– கட்டுரையாளர், கபடிப் பயிற்சியாளர்