இருட்டைக் காட்டுவது குற்றமா?

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் என ஊர்கள் ஒருபுறம். இரசாயன ஆலைகள் மறுபுறம். அந்தச் சாலையோரத் தேநீர்க் கடையொன்றில், இரவு ஷிப்டு முடித்து வந்த இளந்தோழர் ஒருவரின் கையில் தடித்த நூல் ஒன்றைக் கண்டேன். எம்.ஏ. சுசீலா தமிழாக்கிய ‘குற்றமும் தண்டனையும்’. தோழர் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி.

அருகிலிருந்த மூத்த தோழர் முகம் சுளித்தார். “ஏன் தம்பி, கொலையும் பித்தும் புலம்பலும் படித்து என்ன ஆகப்போகிறது? ‘தாய்’ படித்தாயா?”

“படித்தேன் அண்ணே. அதைப் படித்தபோது பகலில் செய்ய வேண்டியது தெரிந்தது. இதைப் படிக்கும்போது, இரவில் தூக்கம் வராதது ஏன் என்று தெரிகிறது.”

மூத்தவர் சினந்தார், இளையவர் வாய்மூடினார். ஆனால் அந்த வழக்கு அந்தக் கடையோடு முடிந்துவிடவில்லை. இருட்டைக் காட்டும் இலக்கியம் உழைப்பவனுக்கு ஆகுமா, ஆகாதா? கேள்வி எளியதன்று.

மூத்த தோழரின் கட்சியை முதலில் நேர்மையாக எடுத்துரைப்போம். தாஸ்தாயெவ்ஸ்கி 1872-இல் முடித்த ‘பேய்கள்’ நாவலில் புரட்சியாளரைப் பித்தராகவும் கொலைகாரராகவும் தீட்டினார். அந்நாவலை மாஸ்கோ கலை அரங்கம் 1913-இல் மேடையேற்ற முற்பட்டபோது எதிர்த்து எழுதியவர் வேறு யாருமல்லர், மாக்ஸிம் கார்க்கிதான். துன்பத்தைத் தொழும் மனப்பான்மை மக்களை முடக்கும் என அவர் அஞ்சினார். அந்த அச்சத்தை எள்ளி நகையாட முடியுமா? முடியாது. 1905 புரட்சி நசுக்கப்பட்ட பிறகு, ‘எல்லாம் வீண், இன்பமே போதும்’ என்ற போக்கு ருஷ்ய எழுத்தில் பெருகியது. 1907-இல் நூலாக வந்த அர்த்சிபாஷெவின் ‘சானின்’ அதற்குப் பேர்போன சான்று. ஆகவே, இருட்டு எல்லாமே ஒளியின் தாய் என்று நான் வாதாட வரவில்லை.

ஆனால், அந்த இருட்டு எங்கிருந்து வந்தது? எழுத்தாளனின் மூளையிலிருந்தா? இல்லை. 1842-இல் கோகல் ‘மேலங்கி’யை எழுதினார். படியெடுத்துப் படியெடுத்தே தேய்ந்துபோன ஓர் எழுத்தன், பட்டினி கிடந்து தைத்த மேலங்கியைத் திருடனிடம் பறிகொடுக்கிறான், முறையிடச் சென்ற இடத்தில் அதட்டலைப் பெறுகிறான், காய்ச்சலில் மடிகிறான், மடிந்தபின் ஆவியாய் வந்து பெரிய மனிதரின் மேலங்கியைப் பறிக்கிறான். உயிரோடிருந்தபோது யாருக்கும் கேட்காத குரல், செத்தபின்தான் தலைநகரை நடுங்கவைத்தது! இது நோயாளியின் கனவன்று; அடிமைமுறை நிலவிய ஒரு நாட்டின் நாடித்துடிப்பு.

தாஸ்தாயெவ்ஸ்கியும் சாய்வு நாற்காலியில் சாய்ந்து சோகம் பேசியவரல்லர். பண்ணையடிமை முறையைச் சாடிய பெலின்ஸ்கியின் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தது அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. பழைய ருஷ்ய நாட்காட்டிப்படி 1849 டிசம்பர் 22 அன்று, சுட்டுக்கொல்வதற்கென அவரும் தோழர்களும் சதுக்கத்தில் நிறுத்தப்பட்டனர். துப்பாக்கிகள் உயர்ந்த பிறகே, தண்டனை மாற்றப்பட்டதாக அறிவித்தார்கள். ஜார் மன்னன் ஆடிய கொடிய நாடகம் அது! பின்னர் ஓம்ஸ்கில் 4 ஆண்டு கடுங்காவல். பின்னாளில் அவர் ஜாரையும் தேவாலயத்தையும் தஞ்சமடைந்தார். அந்த முடிவை நாம் ஏற்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியிலிருந்து நாம் தப்பிவிட்டோமா?

1866-இல் வெளிவந்த ‘குற்றமும் தண்டனையும்’ நூலில் ஒரு கணக்கு வருகிறது. வட்டிக்கடைக் கிழவி ஒருத்தி செத்தால், அவள் பணத்தால் நூறு பேர் வாழலாமே என்று மதுக்கடையில் ஒருவன் பேசுகிறான். ரஸ்கோல்நிக்கவ் அதைக் கேட்கிறான், கோடரியைத் தூக்குகிறான். நடந்தது என்ன? எதிர்பாராமல் உள்ளே வந்த லிசவேத்தா என்ற ஏழைப் பெண்ணையும் அவன் வெட்ட நேர்கிறது. கணக்கில் அவள் பெயரே இல்லை! பெருநன்மைக்காகச் சிறு பலி என்று போடப்படும் ஒவ்வொரு கணக்கிலும் ஒரு லிசவேத்தா உள்ளே வந்துவிடுகிறாள் என்பதே அந்நூலின் நெருப்பு.

தோழர்களே, இந்தக் கணக்கை நீங்கள் வேறெங்கும் கேட்டதில்லையா? ‘நூறு பேருக்கு வேலை கிடைக்கிறது, ஓரிருவருக்கு இருமல் வந்தால் என்ன?’ என்று தொழிற்பேட்டைகளைச் சுற்றிப் பேசப்படுகிறதே, அது என்ன கணக்கு? 2021 மே 13 அன்று கடலூர் சிப்காட்டில் பூச்சிக்கொல்லி மருந்து ஆலையொன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் நால்வர் மாண்டனர். அந்த நால்வரின் பெயரும் எந்த இலாபக் கணக்கின் எந்தப் பத்தியில் இருந்தது?

இனி, செகாவிடம் வருவோம். அவர் மருத்துவர். 1890-இல் சகலின் தீவுக்குச் சென்று, நாடுகடத்தப்பட்ட கைதிகளை வீடு வீடாய்ச் சந்தித்துக் கணக்கெடுத்தவர். 1892-இல் அவர் எழுதிய ‘ஆறாவது வார்டு’ ஒரு சிற்றூர் மருத்துவமனையின் மனநோயாளர் விடுதியைக் காட்டுகிறது. காவலன் நிக்கீத்தா நோயாளிகளை முட்டியால் அடிக்கிறான். தலைமை மருத்துவர் ராகினோ, வலி என்பது மனத்தின் எண்ணமே என்று நோயாளியிடம் தத்துவம் பேசுகிறார். கடைசியில் அவரே அதே விடுதியில் அடைக்கப்படுகிறார். நிக்கீத்தாவின் முட்டி அவர் முகத்தில் விழும்போதுதான், இத்தனை ஆண்டுகள் பிறர் பட்ட வலி அவருக்கு விளங்குகிறது. மறுநாள் மாள்கிறார்.

இந்தக் கதையை அந்தக் குளிர்காலத்தில் சமாரா நகரில் 22 வயது இளைஞர் ஒருவர் இரவில் படித்தார். படித்து முடித்ததும் அறைக்குள் இருக்க முடியவில்லை. தாமும் அந்த வார்டில் அடைபட்டதுபோல் உணர்ந்து எழுந்து வெளியே நடந்தார். அவர் தம் தமக்கையிடம் இதைச் சொன்னார். தமக்கை பதிவு செய்து வைத்தார். அந்த இளைஞர் லெனின்.

எண்ணிப் பாருங்கள்! கதையில் வழி இல்லை, கொடி இல்லை, முழக்கம் இல்லை. இருட்டு மட்டுமே இருந்தது. அந்த இருட்டு அவரைப் படுக்க வைக்கவில்லை. எழுந்து நடக்க வைத்தது. 1918-இல் அவர் தலைமையிலான ஆட்சி சிலை எழுப்புவதற்கென வெளியிட்ட பட்டியலில் தாஸ்தாயெவ்ஸ்கியின் பெயரும் இருந்தது. அவ்வாண்டே மாஸ்கோவில் சிலையும் நின்றது. கருத்தில் பகைவர், காட்சியில் உண்மையர் என்று பிரித்தறியும் பக்குவம் அது.

இது ருஷ்ய நாட்டுக் கதை மட்டுமா? அந்தத் தேநீர்க் கடையிலிருந்து வடக்கே சிறிது தொலைவில் திருப்பாதிரிப்புலியூர். 1906-இல் அங்கே பிறந்தவர் புதுமைப்பித்தன். ருஷ்யக் கதைகள் உட்பட உலகச் சிறுகதைகள் பலவற்றைத் தமிழுக்குக் கொணர்ந்தவர். அவருடைய ‘மனித யந்திரம்’ கதையில், ஆயுள் முழுதும் கடைக் கணக்கெழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஓர் இரவு பெட்டிப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடப் பார்க்கிறார்; ரயில் நிலையம் வரை போகிறார்; மனம் நடுங்கித் திரும்பி வந்து பணத்தை வைத்துவிடுகிறார். கோகலின் எழுத்தனுக்கு இவர் உடன்பிறப்பல்லவா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழரின் நரகத்தைத் ‘துன்பக்கேணி’யில் காட்டியவரும் அவரே.

அவரை ‘நம்பிக்கை வறட்சி’ என்ற சொல்லால் முற்போக்கு முகாமிலேயே சிலர் ஒதுக்கினர். ஆனால் 1948-இல் அவர் மறைந்தபின், 1951-இல் அவர் வரலாற்றை எழுதியவர் யார்? கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழாக்கிய தொ.மு.சி. ரகுநாதன்! அந்த ஒரே கை இரண்டையும் ஏந்தியது. நாம் ஏன் ஒரு கையை வெட்டிக்கொள்ள வேண்டும்?

அதே கடலூரின் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்தவர் ஜெயகாந்தன். கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, பின்னாளில் கட்சியோடு முரண்பட்டவர். சேரி மனிதனின் வயிற்றுப் பசியை மட்டுமன்றி, அவன் மனத்தின் மானத்தையும் குழப்பத்தையும் எழுதியதால்தான் அவர் எழுத்து நின்றது.

ஆகவே இருட்டில் இருவகை உண்டு. கதவே கிடையாது என்று சொல்லி நம்மைப் படுக்கவைக்கும் இருட்டு ஒன்று. கதவைப் பூட்டியிருக்கும் நிக்கீத்தாவின் முட்டியைக் காட்டும் இருட்டு மற்றொன்று. முன்னதை விலக்குவோம், பின்னதை விலக்கினால் நாமே ராகினாகி விடுவோம்.

ஆம், ராகின்! ‘இதெல்லாம் நடுத்தர வர்க்கப் புலம்பல் தம்பி’ என்று நாம் சொல்லும்போது, வலி வெறும் எண்ணமே என்றல்லவா சொல்கிறோம்? விபத்துக்கு மறுநாள் வாயிற்கூட்டம் போடுகிறோம், இழப்பீடு கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த வாரம் அதே ஆலைக்குள் நுழைகிறானே ஒருவன், சைரன் ஒலித்தால் அவன் கால்கள் ஏன் துவள்கின்றன, வீட்டில் ஏன் பேசாமல் சுவரைப் பார்த்திருக்கிறான் என்று கேட்டோமா? நம் கோரிக்கை மனுவில் அதற்கு ஒரு வரி உண்டா? நாம் கேட்காவிட்டால் மதுக்கடை கேட்கும், சோதிடன் கேட்பான், சாதிச் சங்கம் தோளில் கைபோட்டுக் கேட்கும். பிறகு ‘தொழிலாளி ஏன் நம்மிடம் வரவில்லை?’ என்று மாநாடு கூட்டி ஆராய்வோம்!

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, சங்க அலுவலகங்களில் ஒரு கதையை உரக்கப் படியுங்கள். ‘ஆறாவது வார்டு’ ஆகட்டும், ‘மனித யந்திரம்’ ஆகட்டும். படித்து முடித்ததும் உரையாற்றாதீர்கள். இரவு ஷிப்டுத் தோழர் பேசட்டும். அவர் பேசியதில் எது மனுவில் ஏற வேண்டும் என்பதைப் பிறகு சேர்ந்து எழுதுங்கள்.

அன்று வாய்மூடிய இளந்தோழரைக் கண்டால் சொல்லுங்கள்: படித்து முடி தம்பி, முடித்ததும் வா, காத்திருக்கிறோம்.