யமாட்டோ வேண்டாம், எம்டன் போதும்!

போர்க்கப்பல் மாடல் செய்யப்போகிறேன் என்று தேனியிலோ கம்பத்திலோ ஒரு பையன் சொன்னால், வீட்டில் கிளம்பும் முதல் கேள்வி இதுதான்: "கடலே இல்லாத ஊர்ல கப்பலைச் செஞ்சு என்னடா பண்ணப்போற?"

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால், எம்டன் என்ற சொல்லைக் கடலோரத்துக்காரர்கள் மட்டுமா சொல்கிறார்கள்? போடியில் ஏலக்காய் வாங்க வந்து சாமர்த்தியமாக விலையைக் குறைக்கிறவரையும் 'ஆளு சரியான எம்டன்' என்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு போட்டு, துறைமுகத்தின் எண்ணெய் டாங்கிகளைக் கொளுத்திவிட்டு ஓடிய ஜெர்மன் கப்பல் அது. மலை தாண்டி நம் பேச்சுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அதை மேஜை மேல் வைக்கக் கடற்கரை எதற்கு?

என் சண்டை அந்தக் கேள்வியோடு இல்லை. அடுத்து சித்தப்பாவோ மாமாவோ ஒரு யோசனை சொல்வாரே, அதோடுதான்: "வாங்குறதுதான் வாங்குற... பெருசா வாங்கிரு!"

இந்தப் 'பெருசு' வியாதி நமக்கு எல்லாவற்றிலும் உண்டு. கல்யாண மண்டபம், காலேஜ், கார், எதுவானாலும் சக்திக்கு மேல் ஒரு படி. கப்பல் என்றால் உடனே யமாட்டோ. ஜப்பான்காரன் இரண்டாம் உலகப் போரில் கட்டிய 263 மீட்டர் ராட்சசன். அதை 1/350 அளவில் வாங்கினால் முக்கால் மீட்டர் நீளம். எங்கே வைப்பீர்கள், டி.வி. மேலா?

1/350 என்றால் நிஜக் கப்பலில் 350-ல் ஒரு பங்கு நீளம். 1/700 என்றால் அதிலும் பாதி. இங்கேதான் பலர் கணக்கில் கோட்டை விடுகிறார்கள். நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. பெயின்ட் நான்கு மடங்கு, அடிக்கும் நேரமும் ஏறக்குறைய அப்படித்தான். படித்தது பி.காம். என்பதால் எனக்கு இப்படித்தான் தோன்றும்: பெட்டியின் விலை வேறு, கப்பலின் அடக்க விலை வேறு. பாதியில் நின்று பீரோ மேல் ஏறிய பெட்டிக்கு எங்கள் பாஷையில் முடங்கிய சரக்கு என்று பெயர்.

"அப்படின்னா 1/700-ல யமாட்டோ வாங்கலாமே?" வாங்கலாம். 38 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். 1971-ல் டாமியா, ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி என்ற நான்கு ஜப்பான் கம்பெனிகள் கூட்டு சேர்ந்து, இந்த அளவில் தண்ணீருக்கு மேலே தெரியும் பாகத்தை மட்டும் கொடுத்து ஒரு வரிசையே ஆரம்பித்தன. இடமும் மிச்சம், அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையும் மிச்சம். ஆனால், அந்த அளவில் ஒரு மாலுமியின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர். ஏலக்காயை உடைத்தால் உள்ளே இருக்கும் ஒரு விதை அளவு. துப்பாக்கிகளின் குழல்களை நினைத்துப் பாருங்கள். முதல் தடவை இடுக்கி பிடிக்கிற பையனுக்கு இது தண்டனை.

ஆகவே என் கட்சி இது: சின்னக் கப்பல், பெரிய அளவு. எம்டனின் நீளம் 118 மீட்டர்தான். 1/350-ல் சுமார் 34 சென்டிமீட்டர். 1/700 யமாட்டோவும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே நீளம். ஆனால், எம்டனின் பாகங்கள் விரலுக்குச் சிக்கும். ரெவெல் கம்பெனி இந்த அளவில் எம்டனைப் போட்டிருக்கிறது. கிடைக்காவிட்டால் டாமியாவின் 1/350 ஃப்ளெட்சர் இருக்கிறது. அமெரிக்க நாசகாரிக் கப்பல், ஏறக்குறைய அதே நீளம்.

பெரிய கப்பல் பெரிய கம்பெனியின் கையையே சுட்டிருக்கிறது. மர மாடல்கள் செய்துகொண்டிருந்த டாமியா, 1960-ல் போட்ட முதல் பிளாஸ்டிக் மாடல் யமாட்டோதான். போட்டிக் கம்பெனி அதே கப்பலைக் குறைந்த விலைக்கு இறக்க, டாமியாவின் பெட்டிகள் தேங்கிவிட்டன. அதைத் தூக்கி நிறுத்தியது அப்புறம் வந்த ஒரு டாங்கி மாடல்.

சாமான் பட்டியலும் சின்னதுதான். பாகத்தை வெட்ட ஒரு நிப்பர், தேய்க்க உப்புத்தாள், பிளாஸ்டிக் மாடலுக்கென்றே விற்கும் பசை. ஃபெவிகால் இங்கே ஒட்டாது. பித்தளையில் செய்த மெல்லிய கைப்பிடிக் கம்பிகளைத் தனியாக விற்பார்கள். முதல் கப்பலுக்கு அதைத் தொடவே வேண்டாம். கம்பம் பக்கம் சாரல் விழுகிற நாட்களில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். ஈரக் காற்றில் பெயின்ட் வெளுத்துப் பூத்துவிடும்.

கடைசியாக, அப்பாக்களுக்கு. பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டை நீங்கள்தான் செய்து கொடுக்கிறீர்கள் என்று ஊருக்கே தெரியும். இதையாவது விட்டுவிடுங்கள். அவன் புகைபோக்கியைக் கோணலாக ஒட்டட்டும். பெயின்ட்டில் கைரேகை பதியட்டும். ஆரம்பித்த ஒரு வேலையை யார் தயவும் இல்லாமல் முடித்தோம் என்ற நினைப்பை, 'பெருசா' வாங்கிக் கொடுத்து அவனிடமிருந்து பிடுங்காதீர்கள். யமாட்டோவை அவன் சம்பாதித்து வாங்கிக்கொள்வான்.