சுமை யார் தலையில்?

சரக்கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்க்க இந்தியா எவ்வளவு செலவிடுகிறது? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13, 14 சதவீதம் என்று பல ஆண்டுகளாக மேடைதோறும் சொல்லப்பட்டு வந்தது. தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆராய்ச்சிக் கவுன்சில் 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையோ, 2021-22-ஆம் ஆண்டில் அது 7.8 முதல் 8.9 சதவீதம்தான் என்று மதிப்பிட்டது. திடீரென்று லாரிகள் வேகமாக ஓடியதால் வந்த வித்தியாசம் அல்ல இது. முறையாகக் கணக்குப் பார்த்ததால் வந்தது.

சதவீதம் எதுவானாலும், அதைக் கடைசியில் கொடுப்பவர் கடையில் சாமான் வாங்குகிறவரே. தாராவியில் வாங்கும் ஒரு கிலோ அரிசியின் விலையிலும் லாரி வாடகையும் கிடங்குச் செலவும் அடக்கம்.

இச்செலவைக் குறைக்க எடுக்கப்பட்ட பெரிய முயற்சி, சரக்குக்கென்றே தனி ரயில் பாதை. உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியையும் மும்பையை அடுத்த நவஷேவா துறைமுகத்தையும் இணைக்கும் மேற்குப் பாதைத் திட்டத்தின் நீளம் 1,506 கிலோமீட்டர். பெட்டகத்தின் மேல் பெட்டகம் ஏற்றி மின்சார எஞ்சின் இழுக்கத் தக்கதாக, மின்கம்பிகள் உயர்த்திக் கட்டப்பட்டுள்ளன. 2021 ஜனவரியில் இப்பாதையின் ஒரு பகுதியில் ஒன்றரைக் கிலோமீட்டர் நீள வண்டி ஓடியது. பயணி வண்டிக்கு வழிவிட்டுச் சரக்கு வண்டி மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும் பழைய தொல்லை இதில் இல்லை.

அதே துறைமுகத்தின் எதிர்க்கரையில், கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் வேறொரு சரக்குப் போக்குவரத்து ஆராயப்பட்டது. நம் உடலின் உயிரணுக்களுக்குள் மெல்லிய இழைகள் தண்டவாளம்போல் ஓடுகின்றன. அவற்றின் மீது கைனசின், டைனீன் என்னும் புரதங்கள் சுமையை இழுத்துச் செல்கின்றன. கைனசின் ஓர் அடி வைத்தால் 8 நானோ மீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் எட்டுப் பங்கு! முதுகுத் தண்டிலிருந்து பாதம்வரை நீளும் நரம்பு இவற்றை நம்பியே வாழ்கிறது. இந்த வேலை தடைப்பட்டால் நரம்பு நோய்கள் வரும்.

ரூப் மல்லிக் தலைமையிலான குழு லேசர் ஒளிக்கற்றையால் சுமையைப் பிடித்து நிறுத்தி, புரதங்களின் இழுவிசையை அளந்தது. தனியாக நின்றால் கைனசின் பலசாலி, டைனீன் சோனி. ஆனால் கனத்த சுமைக்குப் பல டைனீன்கள் கூடி இழுக்கின்றன. பாரம் ஏற ஏறப் பிடியை இறுக்குகின்றன. கூட்டு வேலையில் டைனீனே கெட்டி என்று 2013-ல் தெரிய வந்தது. மல்லிக்குக்கு 2014-ஆம் ஆண்டின் பட்நாகர் பரிசும் கிடைத்தது.

கடல் கடக்கும் பெட்டகமும் அளக்கப்படுகிறது. உயிரணுவுக்குள் நகரும் துகளும் அளக்கப்படுகிறது. இரண்டுக்கும் இடையில், மண்டியில் மூட்டை தூக்கும் மனிதன் நிற்கிறான். அவனுக்காக மகாராஷ்டிரம் 1969-லேயே மாத்தாடித் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. ஓர் ஆண் தொழிலாளி தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்பட்டால் அதைக் குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-ல் பரிந்துரைத்தது. செலவுக் கணக்கைத் திருத்தி எழுதுகிறவர்கள், அவன் முதுகு தாங்கும் பாரத்தையும் ஒரு பத்தியாகச் சேர்த்தால்தான் அது முழுக் கணக்கு ஆகும்.